கோச்சியும் அம்மானும் ஒரே ஆணியில்

ஒரு வியாழக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையை ஹோலுக்கு இழுத்துவந்து, மேசைக்கு மேலே ஒரு கதிரையை வைத்து, கதிரைக்கு மேலே நான் ஏறி நிற்கிறேன். இடது கமக்கட்டுக்குள் என் கணவரின் தாய்மாமன். தாய்மாமன் என்றால் அவருடைய படம். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கண்ணாடியும் தடித்த மரச்சட்டமுமாக நல்ல பாரம். வலது கையால் சுவரைப் பிடித்திருக்கிறேன். பல்லுக்கிடையில் ஒரு தபாலட்டை.

படலையடியில் அம்மா நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"பிள்ளை, பஸ் நிண்டிட்டுது. கறுப்புக் குடை இறங்குது. அனலைதீவார்தான்."

நான் சுவரை விட்டுவிட்டுத் தபாலட்டையை எடுத்து இன்னொரு தரம் வாசித்தேன். மாத்தறையில் கடை வைத்திருந்த என் கணவர் எழுதியது. இவர் தபாலட்டையிலும் தந்திதான் அடிப்பார். "அம்மான் வியாழன் வருகிறார். படம் விஷயம் கொழுவ வேண்டாம். மற்றது சுகம்."

"அம்மா, கொழுவ வேண்டாமாம்," என்றேன் மேலே இருந்து.

"அப்ப விடன். அவர் ஒண்டைச் சொன்னால் காரணமில்லாமல் சொல்லமாட்டார்."

அம்மா தன் மருமகனைப் பற்றி இப்படி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அம்மானோடு கீழே இறங்கினேன். அவரை அறைக்குள் கட்டிலில் கிடத்தினேன். கட்டிலுக்குக் கீழே கிடந்த என் படத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் படலைக்கு வர, சூடாக ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் ஆகும்.

என்னைக் கதிரையில் நிற்கவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

எந்தக் கொழுவல்?

போன கிழமை கிணற்றுக்கட்டுச் சண்டையை எழுதியதற்கு ஒரு வாசகி, "உங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சண்டைதானா?" என்று கேட்டிருக்கிறா. இல்லை, சமாதானமாக இருந்த நாள்களும் உண்டு. அவற்றை எழுதினால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். நாங்கள் படத்தை மாட்டுவதில்லை, கொழுவுவோம். வாளியைக் கயிற்றில் கொழுவுவோம், சட்டையை ஆணியில் கொழுவுவோம். அதே சொல்லை வைத்துச் சண்டையும் பிடிப்போம். "அவன் என்னோடை கொழுவிப்போட்டான்" என்றால், என்னைச் சுவரில் மாட்டிவிட்டான் என்று அர்த்தமில்லை. வாய்த்தர்க்கம் பட்டான் என்று அர்த்தம். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் எங்கள் ஹோலைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆறே ஆறு ஆணி

புளியங்கூடலில் எங்கள் வீடு பழைய கல்வீடு. கடலில் எடுத்த கல்லும் சுண்ணாம்பும். ஆணி கல்லில் பட்டால் வளைந்துவிடும். சுண்ணாம்பில் பட்டால் ஒரு பிடி சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஆணி நிற்கிற இடம் எங்கே இருக்கிறது என்று அந்தச் சுவருக்குத்தான் தெரியும்.

என் தகப்பன், ஐயா, அந்தச் சுவரை விரலால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தன் சீவிய காலத்தில் ஆறு இடம் கண்டுபிடித்தார். ஏழாவதைத் தேடியபோது ஒரு பாளம் சாந்து கழன்று, அம்மா இறக்கி வைத்திருந்த புட்டுக்கு மேலே விழுந்தது. அம்மா சுத்தியலை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்து, புதிதாக மாக் குழைக்கத் தொடங்கினா. அதோடு எங்கள் வீட்டில் ஆணி ஆறு என்று முடிவாயிற்று.

அந்த ஆறில் ஒன்றில் பிறகு ஐயாவே ஏறிவிட்டார். நான் கலியாணம் கட்டுவதற்கு முதல் வருஷம் அவர் மோசம் போனார். மாலை போட்ட படம், சந்தனப்பொட்டு வைத்த கண்ணாடி. அதை அசைக்க ஏலாது. இன்னொன்றில் எங்கள் கலியாணப் படம். அதில் நான் முகத்தை உம்மென்று வைத்திருப்பேன், இவர் படம் பிடிப்பவனைச் சந்தேகமாகப் பார்ப்பார். மிச்சம் நாலு ஆணி.

வீடு என் சீதனம். உறுதியில் என் பெயர்தான் இருந்தது. ஆனால் கலியாணத்துக்கு வந்த படங்கள் எல்லாம் இவருடைய ஆட்கள் தந்தவை. அந்த நாளில் கண்ணாடி போட்ட படம் தருவது பெரிய மரியாதை. இவருடைய அக்கா பரிமளம் மச்சாள், தானும் புருஷனும் கதிரையில் இருக்கிற படத்தைத் தந்திருந்தா. சின்ன மச்சாள் பட்டுநூலால் 'நல்வரவு' என்று தைத்துத் தந்தா. அதில் 'ர'வுக்குக் கால் கொஞ்சம் குட்டை. கடைப் பங்காளி இரண்டு மான் தந்தார். ஆரோ ஒரு பெரியப்பா, தன்னுடைய காளை மாட்டுக்குப் பக்கத்தில் தான் நிற்கிற படம் தந்தார். இப்படி எட்டுப் படம். சாமிப்படங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை சாமியறைத் தட்டில் நெருக்கி அடுக்கியிருந்தன. சாமிகள் நெருக்கமாக இருக்கச் சம்மதிப்பார்கள். சொந்தக்காரர்தான் ஆளுக்கு ஓர் ஆணி கேட்பார்கள்.

எல்லாருக்கும் மேலே அனலைதீவு அம்மான். இவருக்குப் பத்து வயதில் தகப்பன் போன பிறகு, தோளில் தூக்கி வளர்த்து, கடைக்கு அனுப்பி ஆளாக்கியவர் இந்தத் தாய்மாமன்தான். இவர் உலகத்தில் பயப்பட்ட ஒரே மனிதரும் அவர்தான். எல்லாருக்கும் அவர் அம்மான், எனக்கும் அம்மான். அவர் தந்தது அவருடைய படத்தையேதான். கட்டிப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

பஸ்ஸும் படமும்

படம் தந்தவர் வீட்டுக்கு வரும்போது படம் சுவரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கதை ஊர்காவற்றுறை இறங்குதுறையைத் தாண்டி எல்லாத் தீவுக்கும் போகும். எட்டுப் படத்துக்கு நாலு ஆணி என்றால் வழி ஒன்றுதான். ஆள் வரும்போது மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு இது ஒரு முழுநேர உத்தியோகமாகிவிட்டது. பஸ் சத்தம் கேட்டால் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு படலைக்கு ஓடுவா. "பச்சைச் சேலை, பரிமளம்!" என்றால் நான் மானை இறக்கிவிட்டு மச்சாளை ஏற்றுவேன். "மொட்டைத் தலை!" என்றால் காளைமாட்டுப் பெரியப்பா. ஒருநாள் அம்மா தூரத்தில் பார்த்துவிட்டுப் பெரியப்பா என்றா. நான் வியர்க்க விறுவிறுக்க மாட்டை ஏற்றினேன். வந்தவர் அம்மைப்பால் குத்த வந்த சுகாதாரப் பரிசோதகர். அவர் மாட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்ல மாடு என்று சொல்லிப் போனார்.

இதெல்லாம் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு, மேசையில் ஏறுவது விளையாட்டுப் போல இருந்தது. என் கோபம் வேறு. என்னிடம் ஒன்பதாவதாக ஒரு படம் இருந்தது. அதற்கென்று ஓர் ஆணி கிடைக்கவில்லை.

கோச்சி

கோச்சி என்று எங்கள் ஊரில் றெயிலைத்தான் சொல்வார்கள். கலியாணம் முடிந்து பத்தாம் நாள் இவர் கடைக்குத் திரும்பிப் போனார். போகும்போது ஒரு கலண்டரைத் தந்துவிட்டுப் போனார். பச்சை மலை, தேயிலை, அதைச் சுற்றி வளைந்து வருகிற ஒரு கோச்சி, முன்னால் வெள்ளைப் புகை. கீழே திகதிகள். இவர் வரும் நாளை எண்ணி ஒவ்வொரு திகதியாக நான் வெட்டிக்கொண்டு வந்தேன். வருஷம் முடிந்து திகதிகள் தீர்ந்த பிறகும் படத்தை எறிய மனம் வரவில்லை. ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போடுவித்தேன்.

நான் பிறந்தது முதல் ஒரு மலையைக் கண்டதில்லை. எங்கள் தீவில் ஆக உயரமான இடம் பனைமரத்தின் உச்சி. கோச்சியிலும் ஏறியதில்லை. இவர் வருஷத்தில் இரண்டு தரம் அதில் ஏறி வருகிறார், அதில் ஏறிப் போகிறார் என்பது மட்டும் தெரியும். அந்தப் படத்தில் கடைசிக்கு முதல் பெட்டியில் ஒரு யன்னல் திறந்திருக்கும். அதில்தான் இவர் இருக்கிறார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கலியாணம் கட்டிய பெண் புருஷனை நினைக்கிறாள் என்று சொல்ல, அந்த நாளில் எங்களுக்கு வெட்கம்.

ஒரு முறை துணிந்து நல்ல ஆணி ஒன்றில் கோச்சியைக் கொழுவியிருந்தேன். சொல்லிவைத்ததுபோல அன்றைக்கு அம்மான் வந்தார், கூடவே பரிமளம் மச்சாள்.

"உது என்ன?" என்றார் அம்மான்.

"கோச்சி, அம்மான்."

"கோச்சியெண்டு தெரியுது. ஆரின்ரை கோச்சி?"

"சாமியுமில்லை, சொந்தமுமில்லை," என்றா மச்சாள். "உதைக் கொண்டுபோய் ஆரும் ஹோலுக்கை கொழுவுவினமோ? உங்கடை படத்தை எங்கை வைச்சிருக்கிறாளோ தெரியாது, அம்மான்."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "சுவர் என்ரை சீதனம்தானே, அம்மான்," என்று சொல்லிவிட்டேன்.

அம்மான் எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் படலை திறக்கவில்லை. இவர் மாத்தறையிலிருந்து ஏழு பக்கத்தில் கடிதம் எழுதினார். ஏழு பக்கமும் ஒரே விஷயம்: எந்தப் படத்தைக் கொழுவலாம், எதைக் கொழுவக்கூடாது, எந்த ஆணியில் கொழுவ வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் படம் என்ற ஓர் அர்த்தம்தான் இருந்தது. அந்த நிலையில்தான் தபாலட்டை வந்தது.

நான் எங்கை?

இப்போது என்னைக் கதிரையிலிருந்து இறக்கலாம்.

அம்மான் உள்ளே வந்தார். வலது கன்னம் வீங்கி, நாடியைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டு ஒரு துண்டு கட்டியிருந்தார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பல்லுப் பிடுங்கப் போகிற வழி. சாய்மனைக்கதிரையில் இருந்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவருடைய ஆணியில் கோச்சி புகை விட்டுக்கொண்டு நின்றது.

"நான் எங்கை?" என்றார், திறக்க ஏலாத வாயால்.

"கட்டிலிலை படுத்திருக்கிறியள்," என்றா அம்மா. பயத்தில் அவவுக்கு அப்படித்தான் வந்தது.

என் தலையில் பழி விழக்கூடாது என்று நான் தபாலட்டையை நீட்டினேன். "அவர்தான் எழுதினவர், அம்மான். பாருங்கோ. கொழுவ வேண்டாமெண்டு."

அம்மான் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். எனக்கு ஏழு பக்கத்தில் பதிந்துபோன அர்த்தம் அவருக்குத் தெரியாது. அவருக்கு மற்ற அர்த்தம்தான் நேரே தெரிந்தது.

"அம்மான் வாறார், கொழுவ வேண்டாமாம்," என்றார் மெதுவாக. "அப்ப நான் கொழுவிற ஆள். ஊருக்கெல்லாம் கொழுவித் திரியிற ஆளெண்டு என்ரை மருமோன் தபாலட்டையிலை எழுதுறான். தபால்காரனும் வாசிச்சிருப்பான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் சண்டை பிடிக்காதே என்று எழுதியிருக்கிறார். நான் அதற்குப் படத்தை இறக்கியிருக்கிறேன். விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். அம்மான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படத்தைத் தாரும்."

கொடுத்தேன். தன்னைத் தானே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடையை மணிக்கட்டில் கொழுவிக்கொண்டு போனார். அடுத்த பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டது. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளர்த்த மனிதரை இவரிடமிருந்து பிரித்துவிட்டேன் என்று பயந்தேன். அம்மா கோச்சியை இறக்கி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டா.

பின்னேர பஸ்ஸில் அம்மான் திரும்பி வந்தார். நெஞ்சில் அதே படம். நேரே வந்து மேசையில் வைத்தார்.

"இந்தாரும், கொழுவும். இதைக் கொண்டு றோட்டாலை போகேலாது."

நடந்தது இதுதான். பஸ்ஸில் ஏறியதும் ஒரு மனுஷி எழும்பி இடம் கொடுத்திருக்கிறா. தலைப்பாகை கட்டிய ஒருவரின் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், பல்லு நோவால் கண்ணீர் வேறு. "எப்ப மோசம் போனவர்? உங்கடை தம்பியோ?" என்று கேட்டிருக்கிறார்கள். வாய் திறக்க ஏலாமல் அம்மான் தலையை ஆட்டியிருக்கிறார். பண்ணைப் பாலம் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் துக்கம் விசாரித்து முடித்துவிட்டது. "முகவெட்டு அப்பிடியே உங்கடைதான்," என்று ஒருவர் தோளைத் தடவியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவர்கள் விலகி இவரை முதலில் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

"நான் செத்தால் நடக்கிறது எல்லாம் பாத்திட்டன்," என்றார் அம்மான். "மோசமில்லை. ஆனால் ஒருதரம் காணும், இன்னொருதரம் வேண்டாம்."

நான் மேசையில் ஏறினேன். அம்மான் கீழே நின்றபடி, "மற்றக் கொழுவலுக்குப் பேந்து வாறன். வாய் ஆறட்டும்," என்றார். அன்றைக்குத் தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்துவிட்டுத்தான் போனார்.

கப்பி, கட்டை, கடைசியில் நடராசா

பொங்கலுக்கு இவர் வந்தார். கதையைக் கேட்டு ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எழும்பி, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறேன் என்றார். கடைக்காரர் வீட்டுக்கு வந்தால் இப்படித்தான், எல்லாவற்றையும் அடுக்கிப் பார்ப்பார்கள்.

முதலில் கிணற்றுக் கப்பியைக் கழற்றி முகட்டு வளையில் கட்டினார். கீழே நின்று கயிற்றை இழுத்தால் படம் ஏறும், விட்டால் இறங்கும். நல்ல யோசனைதான். பரிமளம் மச்சாளையும் புருஷனையும் பாதி தூரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மச்சாளே வாசலால் வந்துவிட்டா. இவர் பதறிக் கயிற்றை விட்டுவிட்டார். கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. புருஷனின் பக்கம் உடைந்ததால் மச்சாள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சுவர் நெடுகலும் ஒரு மரக்கட்டை அடித்து அதில் கொக்கி போடலாம் என்றார். கட்டையை அடிக்க ஆணி வேண்டும். ஆணி நிற்க இடம் வேண்டும். மறுபடி ஆறு இடத்துக்கே வந்து நின்றோம். அலுமாரிக்கு மேலே வரிசையாகச் சாத்தி வைக்கலாம் என்றேன் நான். சாத்தி வைத்த மனிதர்கள் எல்லாரும் முகட்டைப் பார்த்தார்கள்.

கடைசியில் தச்சன் நடராசாவைக் கூப்பிட்டோம். அவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு சட்டத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குதல்லோ? பின்பக்கம் ஏன் சும்மா கிடக்குது?"

அவ்வளவுதான். இரண்டு படத்தை முதுகோடு முதுகு வைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, ஒரே சட்டம். ஆள் வந்தால் மேசையில் ஏறத் தேவையில்லை. வீடு கூட்டுகிற தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பும். சுவரில் முட்டாமல் திரும்புவதற்கு, சுவரிலிருந்து ஒரு முழம் வெளியே நீட்டி ஒரு மரக்கை வைத்து, அதில் ஒற்றைக் கயிற்றால் தொங்கவிட வேண்டும். முதல் மரக்கைக்கு அம்மானின் ஆணி இருந்த இடத்தைத் தோண்டி, மர ஆப்பு இறுக்கினார் நடராசா. அடுத்ததுக்கு உளியை வைத்தபோது உள்ளே என்னவோ நகர்ந்த சத்தம் கேட்டது. அவர் உளியைப் பைக்குள் போட்டார். "தம்பி, ஒண்டு காணும். ரெண்டாவது அடிச்சால் வீடு என்னிலை விழும்."

ஆக இரட்டைப் படம் ஒன்றே ஒன்று. முன்பக்கம் அம்மான் என்பதில் தர்க்கமில்லை. பின்பக்கத்துக்கு இவர் மான்களை எடுத்தார். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாக வைத்தேன். திரும்பி வந்தபோது நடராசா கோச்சிக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். இவர் மான்களைப் பிடித்துக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தார்.

சோளகம்

நாங்கள் மூன்று பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கும். கடலுக்கு மேலால் வந்து வளவுக்குள் புகுந்து, யன்னலால் வந்து வாசலால் போகும். ஒற்றைக் கயிற்றில் தொங்குகிற ஒரு படத்தை அது சும்மா விடுமா?

அம்மான் வந்தார். அம்மா குரல் கொடுத்தா, நான் தும்புத்தடியால் தட்டினேன், அம்மான் முன்பக்கம் வந்தார். கீழே உண்மையான அம்மான் சாய்மனைக்கதிரையில் சாய்ந்தார். நான் தேத்தண்ணியோடு வந்தபோது சுவரிலே அம்மான் மெல்ல மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கோச்சி வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. போனது. மறுபடி அம்மான் வந்தார்.

கீழே இருந்தவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையோடு அப்படியே நின்றேன். மூன்றாம் முறை கோச்சி வந்தபோது கேட்டார்:

"ஏன் பிள்ளை உமக்கு உந்தக் கோச்சியிலை இவ்வளவு பிடிவாதம்?"

இந்த முறை எனக்குச் சீதனக்கதை வரவில்லை. உண்மை வந்துவிட்டது. "அவர் இதிலைதானே வாறவர், அம்மான். இந்தப் பெட்டியிலை. யன்னல் திறந்திருக்குதல்லோ, அதிலை."

அம்மான் எழும்பிக் கிட்டப் போனார். கோச்சியைக் கையால் நிறுத்திப் பிடித்து, அந்த யன்னலை வெகுநேரம் பார்த்தார். அவர் இளந்தாரிக் காலத்தில் தெற்கெல்லாம் சுற்றியவர்.

"பிள்ளை, உது பதுளைக்குப் போற கோச்சி. அவன் வாற வழியிலை மலை இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. அம்மான் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"பரவாயில்லை. கொஞ்சம் சுத்தி வரட்டும்."

பிறகு கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கிக் கோச்சியை முன்பக்கம் நிற்கவைத்தார். "என்னைச் சுவர்ப்பக்கம் விடும். என்ரை முகத்தை நான் சவரம் எடுக்கேக்கை பாக்கிறனான். காணும்."

அதற்குப் பிறகு அவர் வருகிற நாள்களில் நான் தும்புத்தடியை எடுக்கவில்லை. பரிமளம் மச்சாள் வந்தால்தான் எடுப்பேன்.

மாலை

வருஷங்கள் போயின. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். காளைமாட்டுப் பெரியப்பாவும் மாடும் போய்ச் சேர்ந்தார்கள். தெற்கில் இனி இருக்க ஏலாது என்று ஆனபோது இவர் கடையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. வந்து நாலு மாதத்தில் அனலைதீவில் அம்மான் மோசம் போனார். கடைசி இரண்டு நாளும் இவர்தான் பக்கத்தில் இருந்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து பரிமளம் மச்சாள் மாலையோடு வந்தா. அம்மானை முன்பக்கம் திருப்பி, கண்ணாடியில் சந்தனப்பொட்டு வைத்து, மாலையை இரண்டு பக்கமும் விழச் சட்டத்துக்கு மேலால் போட்டு, மூலைகளில் நூலால் இறுக்கிக் கட்டினா. "இனி இந்தப் படம் திரும்பக்கூடாது," என்றா. நானும் ஓம் என்றேன். செத்த மனிதரைச் சுவர்ப்பக்கம் திருப்ப எனக்கும் மனமில்லை. அம்மானை நினைத்தும் அழுதேன், அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கோச்சியை நினைத்தும் அழுதேன். எது எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஒரு வருஷம் முடிந்து ஆட்டத் திவசத்துக்குச் சொந்தக்காரர் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல சோளகம். சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹோலில் இருந்தபோது படம் அசையத் தொடங்கியது. அம்மான் ஒரு பக்கமாகப் பார்த்தார், பிறகு முழுக்கத் திரும்பினார். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோச்சி வந்து நின்றது.

தூரத்து உறவில் ஒருவர், விஷயம் தெரியாதவர், துக்கமான குரலில் கேட்டார்: "கோச்சி எந்த இடத்திலை பிரண்டது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பரிமளம் மச்சாள் எழும்பினா. "பதினைஞ்சு வருஷமாச் சொல்லுறன். உந்தச் சனியனைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அம்மானைத் தனிச் சட்டத்திலை ஒழுங்காக் கொழுவவேணும்." கதிரையைச் சுவரடிக்கு இழுத்தா.  திவசத்தன்று, பெரியவர்களுக்கு முன்னால், நான் என்ன சொல்ல?

சாய்மனைக்கதிரையில் இருந்து இவருடைய குரல் வந்தது.

"அக்கா, கொழுவ வேண்டாம்."

மச்சாள் கதிரையில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தா. எந்தக் கொழுவலைச் சொல்கிறார் என்று அவவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"அது அதிலை இருக்கட்டும்," என்றார் இவர். "நான் வந்தது உந்தக் கோச்சியிலைதான். கொஞ்சம் சுத்தி வந்தனான்."

அந்த யன்னலைப் பற்றி இவருக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மானுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.